மேட்டுப்பங்குக்கு எந்த மா?

குத்தாலம்,
18.6.1973

அன்புள்ள அண்ணாவுக்கு,

மங்களாம்பிகையின் வணக்கம். அப்பாவின் தலைத்திவசத்துக்கு வந்துபோன பிறகு நீங்கள் போட்ட முதல் கடிதம் கிடைத்தது. பம்பாய் மழையில் அண்ணியை அடிக்கடி படியேற விடாதீர்கள், மூட்டுவலி கூடும். இங்கே ஆற்றில் தண்ணீர் வந்து நான்கு நாளாகிறது. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. இந்த வருடமும் எனக்குப் பாடம் நடத்தக் கொடுத்திருப்பது பதினோராம் வகுப்புதான்.

மேட்டுப்பங்கு ஆறு மா நிலத்திலும் இனி நெல் வேண்டாம், மாந்தோப்பு வைத்துவிடலாம், எந்த ரகம் என்று விசாரித்து எழுது என்றிருந்தீர்கள். விசாரித்தேன். நீங்கள் சொன்ன பங்கனப்பள்ளி அந்த மண்ணில் ஒரு வருடம் காய்த்தால் மறுவருடம் ஏமாற்றுமாம். கிளிமூக்கு நிறையக் காய்க்கும், ஆனால் ஊறுகாய்க்குத்தான் வாங்குவார்கள். நீலம் வருடம் தப்பாது. ஒட்டுக்கன்றாக வைத்தால் நாலாம் வருடமே பழம் பார்க்கலாம். ஆகவே நீலம்.

இவ்வளவும் எனக்குச் சொன்னவர் வீரையன்.

தோப்பு வைக்கப்போகிறோம் என்று மட்டும்தான் அவரிடம் சொன்னேன். நெல் நின்றால் குத்தகைக்காரன் உரிமை கேட்பான், மரம் நின்றால் கேட்க முடியாது என்று நீங்கள் எழுதியதைச் சொல்ல வாய் வரவில்லை. முப்பது வருடமாக அந்த வயலை உழுகிறவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். பிறகு, "ஐப்பசி அடமழையில அங்க ரெண்டு நாளு தண்ணி நிக்குங்க சின்னம்மா. மேடு கட்டித்தான் கன்னு வைக்கணும்" என்றார். மறுநாளே மண்வெட்டியோடு இறங்கிவிட்டார். தோப்பையும் தாம்தான் பார்த்துக்கொள்ளப் போகிறோம் என்று நினைக்கிறார்.

அவர் மனைவி ராமாயி வரப்பில் நின்று, "நெல்லு வெளையுற மண்ணுல மாங்கா வைக்கிறியா? தொட்டுக்க மாங்கா இருக்கும், சோத்துக்கு எங்கய்யா போவே?" என்று அவரை ஏசினாள். "சின்னய்யா சொன்னா காரணம் இருக்கும்டி" என்று அவர் சிரித்தார். நான் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

குத்தகைப் பதிவு நடந்த வருடம் நீங்கள் இங்கே இல்லை. பதிந்துவிட்டால் யாரும் நிலத்தைவிட்டு இறக்க முடியாது என்று ஊரே போனது. விவசாயச் சங்கத்துக்காரர்கள் மூன்று முறை வந்து வீரையனைக் கூப்பிட்டார்கள். "அய்யா இருக்கையில நான் போயி கைநாட்டு வெச்சா, அய்யாவை நம்பலன்னு ஆயிடுமே" என்று அவர் போகவில்லை. 'மிராசுதாரு வீட்டு வாலு' என்று அவருடைய தம்பியே கேலி செய்தான். அப்பா கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நீ போய்ப் பதிந்துகொள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் அறைக்குள்தான் இருந்தேன். படித்தவள், அந்தப் பதிவு எதற்கென்று எனக்குத் தெரியும். நானும் சொல்லவில்லை.

கன்றுகளுக்கான எண்பது குழியும் வெட்டியாகிவிட்டது. நேற்று அவர் இன்னொன்று கேட்டார். வடக்கு மூலையில் மட்டும் ஒட்டு வேண்டாம், ஒரு நாட்டு மாங்கன்று வைக்க வேண்டுமாம். "காய்க்கப் பத்து வருசம் ஆவுங்க. ஆனா எல்லாம் பட்டுப்போனாலும் அது நிக்கும். சின்னய்யா பேரப்புள்ளைங்க வந்தா நெழலுக்கு ஆவும். தண்ணி நான் ஊத்திக்கிறேன்" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

குழிகள் காய வேண்டும். ஆடியில்தான் நடவு. அதுவரை நாள் இருக்கிறது.

அண்ணா, நிலம் உங்கள் பெயரில் இருக்கிறது, முடிவும் உங்களுடையது. ஒன்று மட்டும் கேட்கிறேன். கன்று நட்ட பிறகு அந்த நிலத்தில் அவருக்கு இடம் உண்டா இல்லையா என்பதை அவர் பெயருக்கே ஒரு கடிதமாக எழுதுங்கள். அவருக்கு வாசிக்கத் தெரியாது. நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். ராமாயியும் பக்கத்தில் நிற்பாள். என் வாயால் வாசிக்கக்கூடியதாக எழுதுங்கள்.

அண்ணிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

உங்கள் தங்கை,
மங்களம்