கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட்

மார்ச் 3, செவ்வாய்
பிப்ரவரிப் பட்டியலை முடித்தேன். பார்சல் கொண்டுபோகும் பதினெட்டு பேட்டரி வண்டிகளில் எது எவ்வளவு கரன்ட் குடித்தது என்று கணக்கிடுவதுதான் என் வேலை. இம்முறையும் ஏழாம் நம்பர் கடைசி. நூறு கிலோமீட்டருக்கு முப்பத்தொரு யூனிட்! மற்றவை இருபத்திரண்டைத் தாண்டவில்லை. அதை ஓட்டுவது அக்கா வீட்டுக்காரர். 'காரணம்' என்ற கட்டத்தில் "ஓட்டும் பழக்கம் சரியில்லை" என்று எழுதினேன். சொந்தக்காரர் என்று விட்டுக்கொடுத்தால் நாளைக்கு யார் என்னை மதிப்பார்கள்?

மார்ச் 5
இந்த மாதமும் கடைசி வந்தால் மாமாவை வேலையை விட்டே எடுத்துவிடுவாராம் மேனேஜர்.

மார்ச் 8, ஞாயிறு
அக்கா வீட்டில் சாப்பிட்டேன். அக்கா என்னோடு பேசவில்லை, பாத்திரங்களோடு பேசினாள். கை கழுவும்போது மாமா மட்டும், "நான் என்ன ரேஸா ஓட்டுறேன்? ஒரு நாள் கூட வந்து பாரும்மா" என்றார்.

மார்ச் 11
போனேன். முழுக்க மேட்டுத் தெரு. வாசலுக்கு வாசல் நிறுத்தம். தண்ணீர் கேனும் மளிகை மூட்டையுமாக அத்தனை பாரத்தோடு ஒவ்வொரு முறையும் வண்டி முக்கிக்கொண்டு கிளம்புகிறது. முப்பத்திரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் நூற்று நாற்பது பார்சல். மதிய வெயிலில் சட்டை தொப்பலாக நனைந்தும் மாமா வண்டியின் விசிறியைப் போடவில்லை. "அதுவும் கரன்ட்தானே" என்றார்.

அய்யோ, அந்தச் சின்ன விசிறி எவ்வளவு குடிக்கும்? கணக்கிலேயே வராது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நான்! தூரத்தால் வகுத்தேன் — பார்சலால் வகுத்திருக்க வேண்டும். இதுகூடத் தெரியாதவளுக்கு எதற்கு அந்த நாற்காலி?

மார்ச் 12
பார்சலுக்கு எத்தனை யூனிட் என்று புதிதாகக் கணக்குப் போட்டேன். மாமா முதலிடம். மேனேஜர், "சரியாத்தான் இருக்கு. இனிமே இப்படியே போடுங்க" என்றார். அக்கா போனில் அழுதாள். நானும் அழுதேன்.

மார்ச் 31
புதுக் கணக்கில் பிப்ரவரி, மார்ச் இரண்டிலும் கடைசி, பதினான்காம் நம்பர். ஊர்க்கோடி வண்டி. தினமும் தொண்ணூற்றாறு கிலோமீட்டர், நாற்பதே பார்சல். அங்கே வீடுகள் தள்ளித் தள்ளி இருந்தால் ஓட்டுகிற பெண் என்ன செய்வாள்? வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. எல்லோரும் அவளை 'சுறுசுறு' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவளை வேலையை விட்டு எடுக்கப்போகிறார்கள் என்றதும் மேனேஜரிடம் போய் நின்றேன். "பார்சலால வகுக்கணும்னு சொன்னது நீங்கதானே? உங்க மாமாவுக்கு ஒண்ணு, மத்தவங்களுக்கு ஒண்ணா?" என்றார். கடைசி என்று ஒருவர் எப்படி வகுத்தாலும் வருவாரே — அதை நான் ஏன் அன்றே சொல்லவில்லை? மாமா தப்பித்தால் போதும் என்றுதானே இருந்தேன்.

ஏப்ரல் 2
சுறுசுறு வண்டிச் சாவியை என் மேசையில் வைத்தாள்.

"எப்படி ஓட்டியிருக்கணும்னு சொல்லுங்கக்கா. அடுத்த இடத்துலயாவது பாத்துக்கறேன்."

"நீ நல்லாத்தான் ஓட்டினே."

"அப்புறம் ஏன்க்கா?"

சாவியை எடுத்து உள்ளே வைத்தேன். அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.