முப்பிடாதியின் டோக்கன்

12-1-1953
கலைக்களஞ்சிய ஆபீசில் மெய்ப்பு பார்க்கிற எனக்கும் ஒரு கட்டுரை எழுதக் கொடுத்தார்கள். ‘ராயபுரம் கரிக்கிடங்கு வேலைநிறுத்தம், 1947’ என்று தலைப்பிட்டேன். பதிப்பாசிரியர் சங்கரநாராயணன் அதை அடித்துவிட்டு ‘கரிக்கிடங்குக் கலவரம்’ என்று போட்டிருக்கிறார். கேட்டால், “பத்திரிகைகள் அப்படித்தானே எழுதின, ராசையா?” என்கிறார். வெறுங்கையோடு கிடங்கு வாசலில் உட்கார்ந்தவர்களைப் போலீஸ் சுட்டது. செத்தவள் கலவரக்காரியா? நல்லா இருக்குதய்யா உங்க நியாயம்!

14-1
பொங்கல். கடையில் சாப்பிட்டேன்.

19-1
தலைப்பு கிடக்கட்டும். பெயரை எப்படி விடுவேன்?

சர்க்கார் அறிக்கையில், இறந்தவர் ‘முப்பிடாதி, கரி சுமக்கும் பெண்’. இறந்தது முப்பிடாதி இல்லை, என் பெண்சாதி செல்லக்கனி. முப்பிடாதி அப்போது பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். நாலு நாள் வராவிட்டால் மேஸ்திரி வேறு ஆள் போட்டுவிடுவான். அதனால் ஒருத்தி டோக்கனை இன்னொருத்தி இடுப்பில் செருகிக்கொண்டு போவது அங்கே வழக்கம். மேஸ்திரி டோக்கனைத்தான் பார்ப்பான். கரி அப்பின மூஞ்சியில் அவனுக்கு என்ன தெரியும்? அன்று முப்பிடாதியின் டோக்கனோடு போனவள் செல்லக்கனி.

அன்று வேலைக்குப் போன பெண்கள் பாதியில் கூடையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தது, ஜெயிலில் கிடந்த சங்கத்து ஆட்களை விடச் சொல்லி. ஜெயிலில் கிடந்தவர்களில் நானும் ஒருவன். போலீஸ் டோக்கனைப் பார்த்துப் பெயர் எழுதி, அவர்களே புதைத்தும் விட்டார்கள். டோக்கன் மாற்றினது தெரிந்தால் எல்லாருக்கும் வேலை போகும் என்று பெண்கள் வாய் திறக்கவில்லை.

“புருஷன் நான் சொல்கிறேனே” என்றேன் சங்கரநாராயணனிடம்.

“அச்சில் வந்திருக்க வேண்டுமப்பா. வாய்ச்சொல் சான்றாகாது.”

அச்சு! அச்சில் ஏறினால் பொய்யும் வேதமாகிவிடுமா?

22-1
இன்று கத்திவிட்டேன். “செத்தவள் என்று நீங்கள் போடுகிறவளை உங்கள் மேஜைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறேன்!” ஆபீசே திரும்பிப் பார்த்தது. சங்கரநாராயணன் இறங்கி வந்தார். அவள் வந்து கைநாட்டு வைத்தால் பெயரைத் திருத்துவாராம், தலைப்பையும் பார்க்கலாமாம். வரட்டும்.

24-1
முப்பிடாதி திருவொற்றியூர்க் கிடங்கில் இருப்பதாகக் கேள்விப்பட்டுக் காலையிலேயே போனேன். மேஸ்திரி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“செல்லக்கனி!”

“கீறேன், மேஸ்திரி!”

முப்பிடாதியின் குரல்.

வெளியே இழுத்து வந்து, புத்தகத்தில் பெயரைத் திருத்த அவளைத் தேடி வந்ததைச் சொல்லி, இன்னாடி இது என்று கேட்டேன்.

“இன்னா பண்ணச் சொல்ற, அண்ணாத்தே? என் பேர சொன்னா, செத்தவளுக்கு இன்னா வேலன்னு தொரத்தினானுங்க. அவ பேரு சும்மாதானே கீது, வச்சிக்கினேன்.”

சும்மாவா இருக்கிறது? சும்மாவா! கையை ஓங்கிவிட்டேன். அவள் நகரவில்லை.

“அடி. ஆனா புக்குல போட்டுடாத. இங்கயும் ராயபுரத்துல இருந்த அதே காண்டிராக்டருதான். உங்க புக்குக்குப் பணம் கட்டிக்கீறானாம். தெரிஞ்சா நானும் என் புள்ளையும் தெருவுலதான். அன்னிக்கு அவ எதுக்கு என் டோக்கன எடுத்துக்கினு போனா? என் வேல போவக் கூடாதுன்னுதானே?”

ஓங்கின கையை இறக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

27-1
கோபம் அடங்க மாட்டேன் என்கிறது. யார்மேல்? முப்பிடாதி மேலா? காண்டிராக்டர் மேலா? — உன்மேல்தாண்டி, செல்லக்கனி. ஊரான் வேலையைக் காப்பாற்றப் போனாயே, என்னை நினைத்தாயா?

2-2
“ஆள் கிடைத்தாளா?” என்றார் சங்கரநாராயணன்.

“இல்லை. பெயர் அறிக்கையில் உள்ளபடியே இருக்கட்டும்.”

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மைக்கூட்டைத் தூக்கி அடிக்கலாம் போலிருந்தது. தலைப்பில் மட்டும் கைவைத்தால் கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிடுவேன் என்றேன். “சரியப்பா, வேலைநிறுத்தம் என்றே இருக்கட்டும்” என்று எழுதிக் கொடுத்தார்.

16-3
கட்டுரையின் அச்சுப்படி என் மேஜைக்கே வந்தது. வேறு யார் பார்ப்பார்கள்? தலைப்பு சரியாக இருந்தது. இறந்தவர் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தேன். முப்பிடாதி. ஓரத்தில் ‘பிழை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.