சாவி போட்டதும் எரியாத விளக்கு

டீச்சர்,

ஞாயிற்றுக்கிழமை உங்கள் கார் புதுச்சத்திரத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. கதவைத் திறந்ததும் குப்பென்று மல்லிகை சென்ட். நீங்கள் ஓட்டிய நாட்களில் அந்த வண்டிக்குள் சாக்பீஸ் வாடையும் எலுமிச்சை சாத வாடையும்தான் இருக்கும். இப்போது பாட்டிலையே கவிழ்த்து ஊற்றியிருந்தார்கள்.

உங்கள் வீட்டுக்காரர் வண்டியை விற்கிறார். கூடவே ஒரு புரோக்கர் வந்திருந்தான். வாங்க வந்தது யார் தெரியுமா? நம்மிடம் படித்த ஜேடர்பாளையத்துப் பெண், எந்நேரமும் சந்தேகம் கேட்டு உங்களைத் துளைத்தெடுப்பாளே, அவள்தான். நிறைமாத வயிற்றோடு புருஷனுடன் வந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்வரவும், நாளைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகவும் ஒரு வண்டி வேண்டுமாம். எல்லோரையும் என் வீட்டுக்கு வரச் சொன்னதும் அவள்தான். "நீங்க அந்த டீச்சர்கூட இதுலயேதானுங்க ஸ்கூலுக்கு வந்தீங்க. நீங்க நல்ல வண்டின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க டீச்சர், எடுத்துக்கறோம்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை என் வாயில் ஏன் வரவில்லை என்று உங்களுக்குத்தான் புரியும்.

இந்த வண்டியை நீங்கள் சேலத்தில் பழைய வண்டியாக வாங்கினீர்கள். முதல் நாள் என்னை ஏற்றிக்கொண்டபோது ஸ்டியரிங்குக்குப் பின்னால், வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே கண்ணாடியில் ஒட்டியிருந்த சின்ன மாதா படத்தைக் காட்டினீர்கள். "பாருங்க டீச்சர், நமக்கு முன்னாடியே மாதா ஏறி உக்காந்திருக்காங்க" என்று அப்படிச் சிரித்தீர்கள். விற்றவன் உங்கள் கழுத்து ஜெபமாலையைப் பார்த்துவிட்டு ஒட்டியது என்று நம் இருவருக்கும் தோன்றவே இல்லை.

கொஞ்ச நாளில் அழுகிய முட்டை நாற்றம் ஆரம்பித்தது. நாமக்கல்லில் நம் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வண்டி, பின் சீட்டில் எங்கள் பண்ணையிலிருந்து ஸ்டாஃப் ரூமுக்கு நான் வாரா வாரம் கொண்டுவருகிற முட்டை ட்ரே. வேறு யாரைச் சந்தேகப்படுவீர்கள்? மிதியடியைக் கழுவினீர்கள், சீட்டைக் கழற்றிக் காயவைத்தீர்கள், காப்பித்தூளைத் தூவினீர்கள், தீர்த்தமும் தெளித்தீர்கள். நாற்றம் மேட்டில் ஏறும்போது அதிகமாகும், பிறகு தணியும். அதையும் முட்டை உருளுகிறது என்று சொன்ன ஒரே வேதியியல் டீச்சர் நீங்கள்தான். ஒருநாள், "உங்க முட்டையாலதான் என் வண்டியே நாறுது. ஒண்ணு ஒடைஞ்சுதுன்னு ஒத்துக்கிட்டாலாவது பரவால்ல" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. "எங்க ஊட்டு முட்டை ஒடைஞ்சா நாறாதுங்க, அன்னன்னிக்கு எடுத்ததுங்க" என்று நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்புறம் நான் பஸ்ஸில்தான் வந்தேன். ராசிபுரத்திலிருந்து நிரம்பி வருகிற கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு உங்களைத் திட்டாத நாள் இல்லை.

நீங்களேதான் திரும்ப வந்தீர்கள். ஒரு சாயங்காலம் மழை இருட்டில், மாதாவின் பாதத்தைச் சுற்றி மஞ்சளாக ஒளி வருகிறது என்று போனில் சொன்னீர்கள். சாட்சிக்கு என்னைத்தான் கூப்பிட்டீர்கள். வந்து பார்த்தேன். ஒளி இருந்தது. படத்தின் ஓரம் வெயிலில் சுருண்டிருந்தது. நான் கை வைக்கத் தயங்கினேன். நீங்கள் சிலுவை போட்டுக்கொண்டு, நகத்தால் மெதுவாக உரித்தீர்கள். உள்ளே என்ஜின் படம் போட்ட எச்சரிக்கை விளக்கு, எத்தனை மாதமாகவோ எரிந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு உங்கள் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. "அம்மாவ வெச்சு மறைச்சிருக்கானுங்க பாருங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக நடுரோட்டில் காறித் துப்பினீர்கள். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் காலையில் வாசலில் ஹார்ன் அடித்து, "ரெண்டு ட்ரே கொண்டாங்க" என்றீர்கள். அத்தோடு சரியாகிவிட்டது.

அதற்கப்புறம் நாம் ஏறி இறங்கிய பட்டறைகள்! நாமக்கல்லில் ஒருவன் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்து, புகையைச் சுத்தம் செய்கிற கன்வெர்ட்டர் போச்சு என்றான். "புதுசெல்லாம் எதுக்குங்க, உள்ள இருக்கறத தட்டிக் கொட்டிட்டு வெறும் டப்பாவ மாட்டிரலாம். லைட்டையும் புடுங்கி உட்ரலாம். பொகை டெஸ்ட்ட நான் பாத்துக்கறனுங்க" என்று பல்லைக் காட்டினான். நீங்கள் அந்தப் பட்டறை இருந்த தெரு வழியாகப் போவதையே நிறுத்திவிட்டீர்கள். ராசிபுரத்தில்தான் ஒருவர் பொறுமையாகப் பார்த்தார். பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் ஒன்று ஒழுகி, எரியாத பெட்ரோல் போய்க் கன்வெர்ட்டரில் விழுவதால்தான் அந்த நாற்றம் என்றார். இன்ஜெக்டரை மாற்றியதும் விளக்கு அணைந்தது, நாற்றமும் போனது. கன்வெர்ட்டர் நன்றாகவே இருந்தது.

புகைச் சான்று வாங்கப் போன இடத்தில் நம்பர் பிளேட்டை மட்டும் போட்டோ எடுத்துவிட்டு அந்த ஆள் காகிதத்தை நீட்டினான். நீங்கள் வாங்கவில்லை. "கொழாய்க்குள்ள கம்பிய விட்டுப் பாத்துட்டுக் குடுங்க" என்றீர்கள். "பாஸுன்னு எழுதிட்டேனுங்களே" என்று அவன் சிரித்தான். வரிசையில் நின்றவர்களும் நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. அத்தனை பேரும் பொய்க் காகிதத்துக்காகவே ஒழுங்காக வரிசையில் நின்றிருந்தார்கள்.

அன்றிலிருந்து நீங்கள் சாவியைத் திருப்பி ஒரு கணம் நிறுத்தாமல் வண்டியைக் கிளப்பியதில்லை. "சாவி போட்டதும் எரியணும், வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணையணும். எரியவே இல்லேன்னா யாரோ அத சாகடிச்சுட்டாங்க" என்பீர்கள்.

எனக்கு ஓட்டத் தெரியாது. சாவி திருப்பத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை உங்கள் சீட்டில் உட்கார்ந்து திருப்பினேன். எண்ணெய் விளக்கு எரிந்தது, பேட்டரி விளக்கு எரிந்தது. என்ஜின் விளக்கு மட்டும் எரியவில்லை. ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். மல்லிகையையும் மீறிப் எரியாத பெட்ரோல் புகை கண்ணைக் கரித்தது. சைலன்சர் வெறும் டப்பா போல அதிர்ந்தது. "பல்பு போயிருக்குமுங்க" என்றான் புரோக்கர், என் கண்ணைப் பார்க்காமல். இத்தனை வருடம் நீங்கள் காப்பாற்றிய வண்டியின் வயிற்றைக் கிழித்து வெளியே கொட்டியிருக்கிறான். அந்தக் கையாலேயே சென்ட் அடித்திருக்கிறான்.

உங்கள் வீட்டுக்காரரைத் தனியாக அழைத்துக் கேட்டேன். "எல்லாரும் பண்றதுதானே டீச்சர். நின்னே கெடந்து கெட்டுப்போன வண்டி, வேற என்ன பண்றது? அவ வண்டிய தினம் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியல. போகட்டும் விடுங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. அது பொய்யில்லை டீச்சர். ஒரு நிமிடம், வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் போய்விடலாம் என்றுதான் இருந்தது.

அதற்குள் அந்தப் பெண் வந்து பின் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "வாசமா இருக்குதுங்க டீச்சர்" என்றாள். சொல்லிவிட்டேன். உள்ளே என்ன எடுத்திருக்கிறார்கள், எந்த விளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள், உள்ளே வருவது என்ன புகை, எல்லாவற்றையும் உங்கள் வீட்டுக்காரர் முன்னாலேயே சொன்னேன்.

ஒருவரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. அவள் புருஷன் வண்டி வேண்டாமென்று சொல்லிவிட்டு, "இந்த நேரத்துல வேற வண்டிக்கு எங்கீங்க போறது" என்று சலித்துக்கொண்டான். புரோக்கர் என்னைப் பற்றிச் சொன்னதை உங்களுக்கு எழுத மாட்டேன். உங்கள் வீட்டுக்காரர் காப்பியைத் தொடவில்லை. "அவ இருந்திருந்தா என்னைய இப்படி நாலு பேர் முன்னாடி நிக்க வெச்சிருக்க மாட்டா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். உங்களோடு அத்தனை வருடம் வாழ்ந்தவர் இதைச் சொல்கிறார். அந்த ஆட்கள்மீது வந்த அருவருப்பைவிட இதுதான் எனக்கு அதிகமாகக் கசந்தது.

இந்த வருடம் உங்கள் நினைவுப் பூசைக்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிடாவிட்டாலும் வருவேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன். கேட்டவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிடுவது என்ற இந்தப் பழக்கம் உங்களிடமிருந்துதான் எனக்கு ஒட்டிக்கொண்டது. அது எனக்கு ஒரு நல்லதும் செய்யவில்லை. இருக்கிற சிநேகத்தையும் கெடுத்துவிட்டது. என்றாலும், அந்தக் குழந்தை பிறந்ததும் போய்ப் பார்த்துவிட்டு வந்து உங்களுக்கு எழுதுகிறேன்.