வாசல்வரை சாமந்தி

என்னவனுக்கு,

இறந்தவர்கள் நாள் வந்துவிட்டதால் மெக்சிகோ நகரமே சாமந்தி வாசனையில் கிடக்கிறது. சிட்லாலியை ஊர்வலம் பார்க்கக் கூட்டிப்போனேன். முகத்தில் மண்டையோடு வரைந்துகொண்டு, உன் மகள் போலீஸ்காரரையே பயமுறுத்தினாள்.

வீட்டில் இந்த வருடம் படையல் மேடையை அவளே அலங்கரித்தாள். உன் அப்பாவின் படம், இனிப்பு ரொட்டி, மெழுகுவர்த்தி, ஒரு தம்ளர் தண்ணீர். அன்றைக்கு வீடு தேடி வரும் இறந்தவர்களுக்கு வழி தெரிய, வாசலிலிருந்து மேடைவரை சாமந்தி இதழ்களைத் தூவினாள்.

ரொட்டி கொண்டுவந்த பக்கத்து வீட்டு எவுலாலியா மேடையைப் பார்த்துத் திகைத்துப்போனாள். "அடிப்பாவி! உயிரோட இருக்கறவங்க படத்தை அங்க வைக்கலாமா?"

உன் அப்பா படத்துக்குப் பக்கத்தில் உன் படம்.

"பாலைவனம் வழியா எல்லை தாண்டிப் போனதுலேர்ந்து அப்பா போனே பண்ணல. தாத்தாதான் வருஷம் தவறாம வர்றாரே, அவர்கூட வரட்டும்னு வெச்சேன்," என்றாள் சிட்லாலி.

நான் சத்தமாகச் சிரித்தேன். பாலைவனத்தில் சிக்னல் கிடைக்காது என்று எவுலாலியாவிடம் சொல்லிக்கொண்டே படத்தை எடுத்து அலமாரியில் வைத்தேன். அவள் இதழ்களை மிதிக்காமல் ஓரமாக நடந்து வெளியே போனாள்.

காலையில் தம்ளரில் பாதித் தண்ணீர் இல்லை. மெழுகுவர்த்திச் சூட்டில் வற்றியிருக்கும். உன் அப்பாவுக்கும் தாகம் அதிகம்தான்.

இதழ்களைப் பெருக்க சிட்லாலி விடமாட்டேன் என்கிறாள். அதனால் உனக்கு ஒன்று சொல்கிறேன். எந்த நேரமானாலும் வா, வெறுங்கையோடு வா. ஆனால் கதவைத் தட்டு. தட்டாமல் மட்டும் உள்ளே வந்துவிடாதே.

கதவைத் தாழிட்டுக்கொண்டு காத்திருக்கும்,
உன் மனைவி