உங்கள் பெயருக்கு மேலே றெனேயின் முகம்

அன்புள்ள மார்செல் அண்ணை,

ஹெயிட்டியில் பிறந்த உங்களை யாழ்ப்பாணத்தான் நான் அண்ணை என்று கூப்பிட்டால் பத்திரிகை அலுவலகமே திரும்பிப் பார்க்கும். உங்களுக்கு அது பிடித்திருந்தது. இனி அப்படிக் கூப்பிட எனக்கு அங்கே ஆளில்லை.

நேற்று உங்கள் மரணச் செய்தி எங்கள் பத்திரிகையில் வந்தது. பெயர் உங்களுடையது. மேலே இருந்த படம் றெனேயுடையது.

எங்களிடம் இருந்த கறுப்பினச் செய்தியாளர்கள் நீங்களும் அவனும்தான். நீங்கள் வழுக்கை, அவன் தாடிக்காரன். அப்படியும் ஆசிரியர் உங்களை அவன் பெயரால்தான் கூப்பிடுவார்.

"குணசீலன், ரண்டு கறுப்பரை வேலைக்கு வச்சிருக்கிறதே இவைக்குப் பெரிய காரியம். ரண்டு முகத்தையும் நினைவு வச்சிருக்கச் சொன்னா பாவமெல்லே?" என்று ஒருநாள் காருக்குள் சொன்னீர்கள். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்காமல், ஹெயிட்டிச் சனம் நிறைய இருக்கிற மொன்ட்ரியால்-நோர்ப் பக்கம் காரைத் திருப்பினீர்கள்.

துப்பாக்கிச் சூடு என்றால்தான் உங்களை அங்கே அனுப்புவார்கள். நான் படம் எடுத்தால், அதில் நிற்கிற சின்னப் பிள்ளையிடம்கூட நீங்களே போய்ப் பெயர் கேட்பீர்கள். "ஒராளின்ரை முகத்துக்குக் கீழை இன்னொராளின்ரை பேர் வரக்கூடாது" என்பீர்கள். உங்களுக்கா இது நடக்க வேண்டும்?

ஊருக்கு அனுப்பவென்று தெருமுனை டெப்பனர் கடையில் இருந்த பத்திரிகை அத்தனையையும் உங்கள் மனைவி வாங்கி வந்திருந்தார். பிரித்துப் பார்த்தது உங்கள் மகள் நாடியா. "இது அப்பா இல்லை, றெனே மாமா" என்றாள். பால்பல் விழாத பிள்ளைக்குத் தெரிந்தது. "அப்பான்ரை படம் பேந்து வருமா?" என்று என்னைக் கேட்டாள். ஓம் என்றேன்.

இன்று காலை நானும் றெனேயும் ஆசிரியரிடம் போனோம். "திருத்தம் ரண்டு வரி போடுவம். அதிலை படம் போடுற வழக்கம் இல்லை" என்றார். றெனே கழுத்திலிருந்த பத்திரிகையாளர் அட்டையைக் கழற்றி அவருடைய மேசையில் வைத்தான்.

"நான் செத்துப்போனன் எண்டு நீங்களே போட்டிட்டியள். செத்த ஆள் எப்பிடி வேலை செய்யிறது?"

சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது, அண்ணை.

இல்-பிசார் படகுத்துறையில் நான் எடுத்த படம் நினைவிருக்கிறதா? காற்றில் தொப்பி பறந்துபோக, நீங்கள் வழுக்கையைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற படம். அதை அந்த அட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். என் கமராவையும் வைத்துவிட்டு வந்துவிட்டேன். உங்கள் முகமும் உங்கள் பெயரும் ஒன்றாக அச்சாகும்வரை அதைத் தொடமாட்டேன். நாடியாவுக்குச் சொன்ன ஓம், ஓம்தான்.

அந்த அலுவலகத்தில் நீங்களும் றெனேயும் மட்டுமே முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்ட
உங்கள் தம்பி,
குணசீலன்