யாரோ வீட்டுப் பிள்ளை

மே 7, 1947. புதன். அரியலூர்.

கத்திரி வெயில். ரயிலை விட்டு இறங்கியதும் பிளாட்பாரச் சூடு செருப்பைத் தாண்டி ஏறியது. இரண்டு குழந்தைகளுக்கும் கழுத்தெல்லாம் வேர்க்குரு. சத்திரத்தில் ஓர் அறை கிடைத்தது. காற்று இல்லை. பாப்பாவை முந்தானையால் விசிறியே கை ஓய்ந்துவிட்டது.

மூட்டையில் கொண்டு வந்தவை: பாப்பாவுக்குத் துணிகள் (எல்லாம் கந்தல்), பாலாடை, உரைமருந்து, ராசுவின் மரக்குதிரை (தலை இல்லை), என் மாம்பழ நிறப் பட்டு. பட்டு ஹோட்டலுக்காக.

ஆம், ஹோட்டலுக்குத்தான். மெட்ராஸில் கிளம்பும்போதே அவர் சொன்னார். "தனம், இந்தப் பத்து நாளும் நீ அடுப்பு ஊத வேணாம். துரைமாருங்க குடும்பத்தோட போயி ஹோட்டல்ல சாப்புடறாங்கல்ல, அது மாதிரி நாமளும். ஊருக்கு ஊரு பெரிய ஹோட்டலாப் பார்த்து." ராசுவுக்கு மூன்று வயது, பாப்பாவுக்கு எட்டு மாதம், இவர்களை வைத்துக்கொண்டா என்று கேட்டேன். "அதுக்கென்ன, புள்ளைங்களும் சாப்புடட்டும்" என்றார்.

கல்யாணமான பிறகு முதல் ஊர்ப் பயணம். அரியலூர், பெரம்பலூர், அப்புறம் செட்டிகுளத்தில் அக்கா வீடு. அங்கே மலை முருகனுக்குப் பாப்பாவின் முடி. சந்தோஷமாகத்தான் இருக்கிறது. எழுதி வைக்கிறேன்.

மே 8. வியாழன். அரியலூர்.

கோபம் இன்னும் ஆறவில்லை. நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை எட்டு மணி இருக்கும். கடைத்தெருவில் இருக்கிற பெரிய ஹோட்டல். 'உயர்தரச் சிற்றுண்டி சாலை' என்று போர்டு. பளிங்கு மேசை, சுவர் முழுக்கக் கண்ணாடி, மேலே பங்கா. உள்கூடம் பிராமணர்களுக்கு. முன்கூடம் மற்ற ஆண்களுக்கு. கைக்குழந்தையோடு வருகிற பெண்ணுக்கு? சமையல்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு மூலை. அழுக்குத் திரை. உள்ளே ஒரு பெஞ்சு, வாழை இலைக் கட்டு, விறகு. புகை. இதற்காகவா பட்டுப் புடவை.

அவர், "நீ உக்காரு, வெத்தலை வாங்கிட்டு வந்துடறேன்" என்று போனார். வரவில்லை.

பாப்பா இடது மடியில். ராசு பெஞ்சில். சப்ளையர் இட்லியை வைத்துவிட்டுப் போனான். கொதிக்கிற சாம்பார். ராசு கை விட்டான், சுட்டது, அலறினான், கிண்ணம் தரையில். பாப்பாவும் சேர்ந்து அழ ஆரம்பித்தாள். துடைக்கத் துணி கேட்டேன். துணி வரவில்லை. கல்லாவிலிருந்து முதலாளிதான் வந்தார்.

"ஏம்மா, இது டிபன் சாப்புடற எடம். தொட்டில் கட்டற எடம் இல்ல. கொழந்த குட்டியெல்லாம் வூட்டுல விட்டுட்டு வரக்கூடாது?"

வீட்டில் யாரிடம் விடுவது? அதை முதலாளி சொல்லவில்லை.

இதற்குள் ராசு திரையை விலக்கிக்கொண்டு ஓடிவிட்டான். எட்டிப் பார்த்தேன். முன்கூடத்தில், கண்ணாடிக்குக் கீழே அவர். எதிரே கோட்டும் ஜரிகைத் தலைப்பாகையுமாக ஒருவர். இருவர் முன்னாலும் நெய் ரோஸ்ட். வெற்றிலை வாங்கப் போனவர்!

ராசு "அப்பா!" என்று அவர் காலைக் கட்டிக்கொண்டான். சாம்பார்க் கை வேட்டியில் பதிந்தது.

கோட்டுக்காரர் கேட்டார்: "யாருய்யா இந்தப் புள்ளை?"

அவர் சிரித்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒரு எழுத்து விடாமல். "யாரோ வூட்டுப் புள்ளைங்க சார். இந்த வயசுல பார்க்கிறவங்களையெல்லாம் அப்பாம்பாங்க."

சொல்லிக்கொண்டே அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டார். குழந்தை அவர் முகத்தையே பார்த்தான். அழவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். இது விளையாட்டா இல்லையா என்று என்னிடம் கேட்கிற மாதிரி.

தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பாப்பா ஒரு இடுப்பில், ராசு ஒரு இடுப்பில். கடைத்தெருவே பார்த்தது. பார்க்கட்டும்.

அதே நாள், பிற்பகல்.

அவர் வந்தார். கையில் மசால் தோசைப் பொட்டலம். நான் தொடவில்லை. ராசு தின்றான். அவனுக்கு என்ன தெரியும்.

மே 9. வெள்ளி. அரியலூர்.

மேகம் போட்டது. ஒரு சொட்டு இல்லை.

காலையில் தானாகவே சொன்னார். நேற்று எதிரே இருந்தவர் அவருடைய ஆபீஸ் சூப்பிரண்டு (இனி சூ.). கடலைக் கொள்முதல் பார்க்க இந்தப் பக்கம் மண்டி மண்டியாகச் சுற்றுகிறாராம். சூ. தஞ்சாவூர் பக்கம் போயிருப்பார் என்று இவர் நினைத்தாராம்.

"இருக்கட்டும். சூப்பிரண்டுன்னா பெத்த புள்ளைய யாரோன்னு சொல்லணுமா?"

"கத்தாத. கடலை சீசன்ல எனக்குப் பத்து நாள் லீவு யாரு குடுப்பா? அதனால..."

"அதனால?"

"ராசுக்கு அம்மை போட்டிருக்குன்னு சொல்லி லீவு வாங்கினேன். அம்மைன்னா கிட்டயே வராதேன்னு அவங்களே அனுப்பிடுவாங்க. நேத்து சூப்பிரண்டு பார்த்தவொடனே கேட்டாரு. புள்ளைய ஊர்ல ஆத்தாகிட்ட விட்டுட்டு மருந்து வாங்க வந்தேன்னேன். அந்த நேரம் பார்த்து இவன் வந்து காலைக் கட்டறான். வேற என்ன சொல்ல?"

போன பங்குனியில் மெட்ராஸில் எங்கள் எதிர்வீட்டுக் குழந்தை அதில்தான் போனது. வாசலில் வேப்பிலை, பத்து வீட்டுக்குக் கேட்ட அந்தத் தாயின் அழுகை. அந்த வார்த்தையை நான் வாயால் சொல்வதுகூட இல்லை. இவர் என் பிள்ளை பேரைச் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். லீவுக்கு. நெய் ரோஸ்ட்டுக்கு.

கேட்டேன்: "உங்களுக்கு வாந்திபேதின்னு சொல்லியிருக்கலாமே?"

"சும்மா இரு. எதை எதோட சேக்கறே."

தன் பேரில் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

ராசுவின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன் நாள் முழுவதும். காய்ச்சல் இல்லை. வெயில் சூடுதான். வேர்க்குருவுக்குச் சந்தனம் வாங்க வேண்டும். பாப்பாவுக்கு மேல்பல் இரண்டு தெரிகிறது.

"பெரம்பலூர்ல வெள்ளைத் துணி போட்ட மேசை இருக்கிற ஹோட்டல் ஒண்ணு தொறந்திருக்கு. அங்க கூட்டிட்டுப் போறேன், எல்லாரும் ஒரே மேசையில" என்றார், சமாதானமாக. கேட்டுக்கொண்டேன்.

மே 10. சனி. செட்டிகுளம், மாலை.

அக்கா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் அரியலூரிலிருந்து கரி போட்டு ஓட்டுகிற பஸ். ஏற்றத்தில் நின்று நின்று, கரி கிளறிக் கிளறி, பெரம்பலூர் வர மதியம். புகையில் எல்லோர் முகமும் ஒரே நிறம். குழந்தைகள் பசியில் வாடிவிட்டார்கள்.

அந்த ஹோட்டல் வாசலில் ஒரு மோட்டார் கார். அவர் அதைப் பார்த்த உடனே நின்றுவிட்டார். சூ.வின் கார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"நீங்க அந்த வேப்பமரத்தடியில இருங்க. நான் பொட்டலம் கட்டிட்டு வந்துடறேன். ரெண்டே நிமிஷம்."

மரத்தில் பாதி நிழல்தான். பாப்பா பாலுக்கு முட்டினாள். தெருவில் போகிற ஆண்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, முந்தானைக்குள் அவளுக்குக் கொடுத்தேன். ராசு மண்ணில் உட்கார்ந்து "இட்லி, இட்லி" என்றான். ரொம்ப நேரம். அவர் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால், வெள்ளைத் துணி போட்ட மேசை. சூ. பேசுகிறார், இவர் தலையாட்டுகிறார். இவர் இலையில் ஜிலேபி.

அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. பாப்பாவை இடுப்பில் வைத்து, ராசுவின் கையைப் பிடித்து, நேராக உள்ளே. பெண்கள் அறை எங்கே என்று கேட்கவில்லை. அவர் மேசைக்கே போய், காலி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

சூ. கேட்டார்: "யாரும்மா நீ?"

"இவரு சம்சாரம்ங்க. இது இவரு பொண்ணு. இவன் இவரு புள்ளை ராசு. அரியலூர்ல உங்க மேசைக்கு வந்தானே, அவன்தான்."

சூ. நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "அம்மை போட்ட புள்ளையா? இங்கயா?"

அந்த ஒரு வார்த்தைதான். பக்கத்து மேசைக்காரர் இலையை விட்டு எழுந்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர். எச்சில் கையோடு வாசலுக்கு ஓடுகிறார்கள். "அம்மையாம்யா! கொழந்தைக்கு அம்மையாம்!" முதலாளி கல்லாவிலிருந்து கத்துகிறார்: "வெளிய தூக்கிட்டுப் போம்மா! குடி கெடுக்க வந்தியா!" யாரோ, "கழுத்தைப் பாரு, கொப்புளம் தெரியுது" என்றார்கள்.

ராசு பயந்து என் புடவைக்குள் நுழைந்தான். நான் அவனைத் தூக்கி மேசைமேல் நிறுத்தினேன். வெள்ளைத் துணிமேல், ஜிலேபிக்குப் பக்கத்தில். சட்டையைக் கழற்றினேன்.

"பாருங்க எல்லாரும். வெயில்ல வந்த வேர்க்குரு. எந்தப் புள்ளைக்கு இல்ல? முதுகைப் பாருங்க. வயித்தப் பாருங்க. எங்க இருக்கு கொப்புளம்? என் புள்ளைக்கு ஒண்ணும் இல்ல. சொன்னவர இங்கயே கேளுங்க."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். முகம் சாம்பல். தண்ணீர் குடித்தார். அப்புறம் சொன்னார், எனக்கே சரியாகக் கேட்காத குரலில்: "எம் புள்ளைதான் சார். அம்மையெல்லாம் இல்ல. லீவுக்காகச் சொன்னேன்."

சூ. கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். கோபம் முதலில் என்மேல்தான் வந்தது. "பொம்பளை இப்படி நடுக்கூடத்துல வந்து உக்காந்து... நல்ல குடும்பம்யா." பிறகு அவரிடம்: "திங்கக்கிழமை காலையில இந்தப் புள்ளையக் கொண்டாந்து மேனேஜர் முன்னாடி நிறுத்து. உனக்கு வேலை இருக்கா இல்லையான்னு அப்புறம் பார்த்துக்கலாம்." போய்விட்டார். கார் கிளம்பிய சத்தம்.

முதலாளி, "புள்ளைய மேசையை விட்டு எறக்கும்மா, துணி பாழாவுது" என்றார்.

"எறக்குறேன். முதல்ல இட்லி கொண்டாரச் சொல்லுங்க. பசியில இருக்கான்."

என்னைக் கிளப்பினால் போதும் என்று நினைத்திருப்பார். வந்தது. ராசு மடியில் உட்கார்ந்து நன்றாகத் தின்றான். பாப்பா மேசைத் துணியைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

செட்டிகுளம் வந்ததும் நடந்ததையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். "ஏண்டி, ஆம்பளைய நாலு பேரு முன்னாடி இப்படியா பண்ணுவே? வேலை போச்சுன்னா சோத்துக்கு என்ன செய்வே?" என்றாள். அதை நான் நினைக்கவில்லை என்றா நினைக்கிறாள்? பஸ்ஸில் வழி நெடுக அதேதான் நினைப்பு. நினைத்து நினைத்து, கடைசியில் ராசுவின் விரல்களைப் பிரித்துவிட்ட அந்தக் கை வந்து நிற்கிறது. வேலை பின்னால்தான் நிற்கிறது.

மே 11. ஞாயிறு. செட்டிகுளம்.

விடிகாலையில் மலை ஏறினோம். படி குளிர்ந்திருந்தது. பாப்பா முடி கொடுக்கும்போது கத்தல். மொட்டைத் தலையில் சந்தனம். அழகு. முருகனிடம் ராசுவுக்காக மட்டும் வேண்டினேன், அந்த வார்த்தை அவனைத் தொடாமல் இருக்க. வேறொன்றும் கேட்கவில்லை.

இறங்கி வந்ததும் அவர் ஆரம்பித்தார். "மூட்டையக் கட்டு. எல்லாரும் கிளம்பணும். நாளைக்கு நீயும் ஆபீஸுக்கு வந்து சூப்பிரண்டு கால்ல விழு. வெயில்ல புத்தி கலங்கிப் பேசிட்டேன்னு சொல்லு. அப்பத்தான் வேலை தங்கும்."

நான் விழ வேண்டுமாம். நான்!

"புள்ளையக் கொண்டாரச் சொன்னாரு. என்னையக் கொண்டாரச் சொல்லல. நான் இன்னும் ஒரு வாரம் அக்கா வூட்டுல இருக்கேன். கூட்டிட்டுப் போங்க அவன."

"தனியாவா? மூணு வயசுப் புள்ளைய ஒத்த ஆம்பளை எப்படிக் கூட்டிட்டுப் போறது? வழியில சோறு யாரு ஊட்டுவா?"

"திருச்சி ஸ்டேஷன்ல துரைமாருங்க சாப்புடற கூடம் இருக்குன்னீங்களே. அங்க உக்கார வச்சு நீங்களே ஊட்டுங்க. யாரு புள்ளைன்னு கேட்டா என்ன சொல்லணும்னு இப்பத் தெரியும்ல?"

அக்கா அடுப்பங்கரையிலிருந்து, "தனம், போதும்டி" என்றாள். எனக்குப் போதவில்லை.

சொல்லிவிட்டேனே தவிர, என்னை விட்டு ஒரு பொழுது இருந்ததில்லை ராசு. நானே சட்டை போட்டுவிட்டேன். மரக்குதிரையை எடுத்துக்கொண்டான். மாற்றுத் துணி, புளிசாதம், தண்ணீர்ச் செம்பு, எல்லாம் கட்டிக் கொடுத்தேன். எப்படிக் கொடுப்பது என்று மட்டும் சொல்லவில்லை.

பஸ் பிற்பகலில் வந்தது. அவர் மடியில் ராசு, ஜன்னல் ஓரம். பஸ் ஏறுகிற சந்தோஷத்தில் அழ மறந்துவிட்டான். கண்டக்டர் விசில் ஊதுமுன்பே, "அப்பா, ஒண்ணுக்கு" என்றான். பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். அவர் எழுந்தார், உட்கார்ந்தார், என்னைப் பார்த்தார்.

பஸ் நகர்ந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினார்: "தனம், தூங்கறதுக்கு முன்னாடி இவனுக்கு என்ன குடுப்பே?"

பிள்ளை பிறந்து மூன்று வருஷத்தில் இன்றைக்குத்தான் கேட்கிறார். கத்திச் சொல்லியிருக்கலாம், காதில் விழுகிற தூரம்தான். சொல்லவில்லை.