காய்ச்சிய தண்ணீரின் பாவம்

திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட எரிச்சலில், அனந்தமதி ஏழாவது படிக்கும் மகளுக்கு, கதவிடுக்கில் செருகிவைக்க, காலண்டர் தாளின் பின்பக்கம் கிறுக்கினாள்.

குசுமா, மாமா வீட்டுக்குப் போறேன். சாவி பக்கத்து வீட்டுல. பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டுடு.

நேத்து ஸ்கூல் பிரேயர்ல மயங்கி விழுந்தியே, இன்னிக்காவது எதையாவது குடி. துணியில வடிகட்டினாலும் கிருமி போகாதுன்னு சயின்ஸ் டீச்சர் சொன்னாங்க, குடிச்சா உயிர்க்கொலைன்னு தண்ணியையே விட்டுட்டே. காய்ச்சித் தந்தேன். அதுங்க செத்துப்போயிருக்கும்னு தள்ளிட்டே. முனிவருங்களே காய்ச்சின தண்ணிதான் குடிக்கறாங்கன்னு அப்பா சொன்னா, "அப்ப பாவம் காய்ச்சறவங்களுக்கா?"ன்னு கேட்டுட்டு, சொட்டுக்கு இத்தனை உயிர், குடத்துக்கு எத்தனைன்னு பெருக்கி என் தலையில ஏத்திட்டே. கணக்குப் பாடம் இதுக்குத்தானா? மகேந்திரவர்மன் நம்ம சமண மதத்தை விட்டுச் சைவத்துக்குப் போனான்னு சரித்திரத்துல படிச்ச அன்னிக்கும் என்கிட்டதான் மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கினு இருந்தே. நானா போகச் சொன்னேன்?

கிருமியும் இருக்காது, காய்ச்சவும் வேணாம்னு ரெண்டு இளநீர் வாங்கி வெச்சிருக்கேன். அப்பாவைச் சீவித் தரச் சொல்லி ரெண்டையும் நீயே குடி.

பேனாவை மூடிவிட்டு, கிளம்புமுன் ஒரு வாய் குடிக்கலாம் என்று செம்பை எடுத்தாள். காய்ச்சி ஆறிய தண்ணீர். வாய்வரை கொண்டுபோனவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு செம்பை வைத்துவிட்டு, அரிவாளோடு பின்கட்டுக்குப் போனாள். திரும்பி வந்து, தாளின் அடியில் இடுக்கி எழுதினாள்:

இளநீர் ஒண்ணுதான் இருக்கு. ஏன்னு கேக்காதே.